மிளகும் மிளகாயும்: ஒரு தொட்டிச் செடி சொல்லும் வரலாறு

மிளகாய் இல்லாத தமிழர் சமையலை இன்று நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. ஆயினும் சங்கப் புலவர் எவரும் மிளகாயைக் கண்டதில்லை; கம்பரும் சுவைத்ததில்லை. நம் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரங்களில் தொட்டிகளில் காய்த்துத் தொங்கும் இச்செடி, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த விருந்தாளி. அதன் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்க அதன் பெயரே போதுமானது.

மிளகாய் வருமுன் நம் முன்னோர்க்குக் காரம் தந்தது மிளகு. பழந்தமிழில் அதற்குக் 'கறி' என்றும் பெயருண்டு. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து, முசிறித் துறையில் மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் தருகின்றது. அம்மிளகையும் பிற நறுமணப் பொருள்களையும் நாடியே 1492இல் கொலம்பசு மேற்குத் திசையில் கப்பல் செலுத்தினார். அவர் கண்டதோ அமெரிக்கக் கண்டத்து மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்த மிளகாய்! 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். போர்த்துகீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றினர். அந்நூற்றாண்டில் அவர்களது வணிக வழிகளில் மிளகாய் இந்தியாவிலும் மலாய்த் தீவுகளிலும் பரவியது.

புதிய பொருளுக்குப் பெயரிட்ட முறை எண்ணத் தக்கது. தமிழர் அயற்சொல்லைக் கடன் வாங்கவில்லை. மிளகு போல் காரமுள்ள காய் ஆதலின் 'மிளகாய்' என்றனர். மிளகைக் குறித்த 'மரிச்ச' என்னும் வடசொல்லின் வழிவந்த 'மிர்ச்' என்னும் சொல்லால் இந்தி மொழியினர் மிளகாயைச் சுட்டினர். மலாய் மொழியின் 'சிலி' மட்டும் மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினரின் சொல்லை இன்றும் சுமந்து நிற்கின்றது. நம்மவருள் பலர் திதிச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகையே சேர்ப்பதும் அது பிற்காலத்து வரவு என்பதற்கு ஒரு சான்றாகும்.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் மிளகும் விளைந்தது. 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் காசுக்கட்டித் தோட்டங்களோடு மிளகுத் தோட்டங்களையும் அமைத்தனர். சுவா சூ காங், இயோ சூ காங் ஆகிய ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் எச்சங்களே. மண் வளம் குன்றவே தோட்டக்காரர்கள் ஜொகூருக்குப் பெயர்ந்தனர். மிளகுக் கொடிக்குப் பற்றிப் படரக் கொம்பும் காத்திருக்கச் சில ஆண்டுகளும் வேண்டும். மிளகாய்க்கோ ஒரு தொட்டியும் சில மணி நேர வெயிலும் போதும்; சுமார் மூன்று மாதங்களில் காய்த்துவிடும். கம்பத்து வீட்டு முற்றத்தில் வளர்ந்த செடி, 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின்னர் மக்களோடு மாடியேறியது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கிருமித்தொற்றுக் காலமான 2020இல் விரும்பிய வீடுகளுக்குக் காய்கறி விதைகளை வழங்கி ஊக்குவித்தது.

இதில் நமக்கென்ன பணி? இங்குள்ள நம் பிள்ளைகளுள் பலர் 'மிளகாய்' என்பதற்கு முன் 'சிலி' என்றே சொல்லப் பழகுகின்றனர். தேக்கா சந்தையில் வாங்கும் காய்க்கு ஒரு பெயர் போதும். வீட்டில் வளரும் செடிக்கோ பல சொற்கள் வேண்டும்: முளை, நாற்று, கன்று, அரும்பு, பிஞ்சு, காய், பழம், வற்றல். பொருள் கண்முன் இல்லாதபோது சொல் ஏட்டில் மட்டுமே வாழும். தேர்வு முடிந்ததும் அதுவும் மறையும்.

எனவே பெற்றோரே, பழுத்த மிளகாய் ஒன்றின் விதைகளைப் பிள்ளைகள் கையால் ஊன்றச் செய்யுங்கள். தாழ்வாரத்தில் நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி விடுங்கள். கொசு பெருகாதபடி தட்டில் தேங்கும் நீரை அகற்றுங்கள். சிட்டுகளும் மைனாக்களும் பழத்தைக் கொத்தினால் விரட்ட வேண்டா. பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை, விதையைப் பரப்புவன அவையே. ஆசிரியர்களே, ஒவ்வொரு வாரமும் செடியைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அயல்நாட்டுக் காய்க்குத் தமிழ்ப் பெயர் சூட்டித் தமதாக்கிக் கொண்டவர் நம் முன்னோர். அப்பெயரைச் சொல்லும் நாவையேனும் நாம் காக்க வேண்டாவா?