பெருந்தொற்றுக் காலமும் பச்சிளங்குழந்தைகளின் பெற்றோரும்

2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பரவியபோது, பல நாடுகளில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குள் பெற்றோர் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. பல மருத்துவமனைகளில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுமதி இருந்தது. தொற்றுடைய தாய்மார் பலர் குழந்தையிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர்.

ஏற்பட்ட பாதிப்புகள்

• தாய்ப்பாலூட்டல் தடைபட்டது.
• குழந்தையை மார்போடு தோலுடன் தோல் சேர அணைத்து வைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பு குறைந்தது.
• பெற்றோர் அச்சத்திற்கும் மனச்சோர்வுக்கும் ஆளாயினர். தந்தையர் சிலர் பல நாட்கள் குழந்தையைக் காணவும் இயலவில்லை.

உடனிருத்தல் ஏன் இன்றியமையாதது?

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைக்குக் கங்காரு முறை உடல்வெப்பத்தைக் காக்கிறது. நோய்த்தொற்றையும் இறப்பையும் குறைக்கிறது. இம்முறை அனைவருக்கும் கிடைத்தால் 1,25,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என்றும், கோவிட்-19 தொற்றால் நேரக்கூடிய பச்சிளங்குழந்தை இறப்புகள் 2,000க்கும் குறைவு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் தெரிவித்தது.

பெற்றோர் செய்யக்கூடியவை

• கட்டுப்பாடு உள்ள காலத்திலும், ஒருவரேனும் உடனிருக்க வழியுண்டா எனக் கேட்கவும்.
• தொற்று இருப்பினும், உடல்நிலை இடமளித்தால், முகக்கவசம் அணிந்து, சோப்பினால் கைகழுவிய பின் பாலூட்டலாம்.
• அருகில் இருக்க இயலாவிடில், பாலைப் பீய்ச்சி எடுத்து அனுப்பும் முறையைச் செவிலியரிடம் அறியவும்.
• மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும்.