கவசமும் கணக்கும்: முதலாம் உலகப்போரில் காப்புச் சாதனத் தட்டுப்பாடு பற்றிய ஒரு நோக்கு

போர் வரலாறுகள் பெரும்பாலும் தளபதிகளின் திட்டங்களையும் எல்லைகளின் மாற்றங்களையுமே பொருளாகக் கொள்வன. சாதாரணப் போர்வீரனின் தலையை எது காத்தது, நச்சுக்காற்றிலிருந்து அவனது சுவாசத்தை எது காத்தது என்னும் வினாக்கள் வழங்கற் பகுதியின் சிறு விவரங்களாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால், ஓர் அரசு தான் போருக்கு அனுப்பிய மனிதனின் உயிரை எவ்வாறு மதிப்பிட்டது என்பதை அறிய இவ்விவரங்கள் முக்கியமான சான்றுகளாகும். 1915ஆம், 1916ஆம் ஆண்டுகளில் மேற்குப் போர்முனையில் நிலவிய தலைக்கவச, முகமூடித் தட்டுப்பாட்டினை இந்நோக்கில் நாம் இங்கு ஆராய்வோம்.

1914 ஆகத்தில் போர் மூண்டபோது ஐரோப்பியப் பெருவல்லரசுகளின் காலாட்படை எதுவும் உருக்குத் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. பிரித்தானியனும் பிரெஞ்சுக்காரனும் துணித்தொப்பியுடனும், ஜேர்மானியன் தோற்தொப்பியுடனும் களம் புகுந்தனர். போர் சில மாதங்களில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. ஆனால் அவ்வாண்டின் இறுதிக்குள் படைகள் பதுங்கு அகழிகளுள் முடங்கின. உடலை மண் காத்தது. மேலே வெடித்துச் சிதறிய எறிகணைத் துண்டுகளுக்குத் தலையே இலக்காயிற்று.

1915இன் முற்பகுதியில் பிரெஞ்சுப் படையினருக்குத் தொப்பியின் கீழ் அணியத்தக்க உருக்குக் கிண்ணங்கள் ஏறத்தாழ ஏழு இலட்சம் வழங்கப்பட்டன. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அதிரியான் என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் தலைக்கவசம் வந்தது. பிரித்தானியப் படைக்கு ஜோன் புரோடியின் தலைக்கவசம் 1915 செப்ரெம்பர் அளவில் கிடைக்கத் தொடங்கியபோது, ஆயிரம் பேர் வரையிலான பட்டாளம் ஒன்றுக்கு 50 கவசங்களே கிடைத்தன. எனவே அவை தனிமனிதனுக்குரிய உடைமையாக வழங்கப்படவில்லை. முன்னணி அகழியின் பொதுப்பொருளாக வைக்கப்பட்டு, காவல் மாறும்போது கைமாறின. இருபது தலைகளுக்கு ஒரு கவசம் என்பதே அன்றைய கணக்கு. பத்து இலட்சம் கவசங்கள் நிறைவுற்றது 1916இன் கோடைகாலத்திலேயாகும்.

முன்னனுபவம் இன்மையே தலைக்கவசத் தாமதத்திற்குக் காரணம் என ஒருவர் வாதிடலாம். நச்சுவாயுவைப் பொறுத்தவரை அவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது. 1915 ஏப்ரல் நடுப்பகுதியில் நேசநாட்டுப் படையினரிடம் வந்தடைந்த ஜேர்மன் சிப்பாய் ஒருவன் வாயு உருளைகள் புதைக்கப்பட்டிருப்பதைக் கூறினான். முகத்தில் கட்டுவதற்கான காப்புப் பட்டை ஒன்றும் அவனிடம் இருந்தது. எச்சரிக்கை போதிய கவனம் பெறவில்லை. ஏப்ரல் 22ஆம் திகதி ஈப்பர் நகருக்கு அண்மையில் 150 தொன்னுக்கு மேற்பட்ட குளோரீன் காற்றில் விடப்பட்டது. அதன் முதற்றாக்குதலுக்கு இலக்கானோருள் பிரான்சின் அல்ஜீரியப் படைப்பிரிவினரும் அடங்குவர். நான்கு நாட்களின் பின், அதே களத்தில் எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட இந்திய லாகூர்ப் படைப்பிரிவினரும் முகமூடியின்றியே வாயுவை எதிர்கொண்டனர். அன்று வாயுவால் பாதிக்கப்பட்ட நிலையிலும் அதிகாரிகள் எண்மரை மீட்க உதவிய மீர் தஸ்த் என்பவருக்கு விக்ரோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. பதக்கம் அவரை வந்தடைந்தது. முகமூடி உரிய வேளையில் வந்தடையவில்லை.

ஈரத்துணியும் சிறுநீரில் நனைத்த துணியுமே அந்நாட்களில் கிடைத்த காப்புகளாயின. இங்கிலாந்தில் பத்திரிகை அழைப்பையேற்றுப் பெண்கள் பஞ்சுப் பட்டைகளை விரைந்து தைத்தனுப்பினர். ஆயின் அவை உலர்ந்தபோது வாயுவைத் தடுக்கவில்லை. நனைந்தபோது மூச்சையே தடுத்தன. மே மாதத்தில் இரசாயனக் கரைசலில் தோய்த்த பஞ்சைக் கறுப்புவலைத் துணியிற் பொதிந்த முகமூடியும், பின்னர் தலை முழுவதையும் மூடும் துணியுறையும் வந்தன. கரி முதலிய இரசாயனப் பொருள்கள் அடங்கிய பெட்டி வடிகட்டியுடன் கூடிய செம்மையான முகமூடி 1916இலேயே வழங்கப்படலாயிற்று.

அரசு இயந்திரம் இயல்பாகவே மந்தமானது என்ற விளக்கம் இங்கு போதுமானதா? அதே ஆண்டின் மற்றொரு தட்டுப்பாட்டுடன் இதனை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1915 மே மாதத்தில், எறிகணைகள் போதாமையாற் போர்முனையில் தோல்வி நேர்ந்தது என்ற செய்தி இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. இது பெரும் அரசியற் புயலைக் கிளப்பியது. அம்மாத இறுதிக்குள் லிபரல் அரசாங்கத்தின் இடத்தில் கூட்டரசாங்கம் அமைந்தது. லொயிட் ஜோர்ஜின் தலைமையில் போர்த்தளவாட அமைச்சும் உருவாயிற்று. தலைக்கவசம் இன்மையால் எந்த அரசாங்கமும் கவிழவில்லை. கொல்லும் பொருளின் தட்டுப்பாடு ஆட்சியின் நெருக்கடியாகவும், காக்கும் பொருளின் தட்டுப்பாடு துறைசார் குறைபாடாகவும் கொள்ளப்பட்டமை தற்செயலானதன்று. எறிகணைக்கு ஈடாக ஆள் இல்லை. ஆனால் வீழ்ந்த ஆளுக்கு ஈடாக மற்றோர் ஆள் உண்டு என்ற மதிப்பீடே இதன் அடிப்படையாகும்.

இம்மதிப்பீட்டின் சுமை குடியேற்றநாட்டு மக்கள்மீது மேலும் அழுத்தமாக வீழ்ந்தது. ஈப்பரில் மட்டும் லாகூர்ப் படைப்பிரிவு ஏறத்தாழ 3,900 பேரை இறந்தோராகவும் காயமுற்றோராகவும் காணாமற்போனோராகவும் இழந்தது. இந்தியக் காலாட்படைப் பிரிவுகள் 1915இன் இறுதியில் பிரான்சிலிருந்து மெசொப்பொத்தேமியாவுக்கு மாற்றப்பட்டன. உருக்குக் கவசம் எல்லோருக்கும் பொதுவாகுமுன்னரே அவர்கள் அம்முனையை விட்டு நீங்கியிருந்தனர்.

இந்நிலை அப்போருடன் முடிந்துவிட்டதென்று கொள்வதற்கில்லை. 2004 டிசம்பர் 8ஆம் திகதி குவைத்தில், ஈராக்குக்குச் செல்லவிருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர், தமது வாகனங்களுக்குக் கவசமிடக் குப்பைமேடுகளில் இரும்புத்துண்டு பொறுக்க நேர்வது ஏன் எனப் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்பெல்டிடம் நேரிற் கேட்டார். இருக்கின்ற படையுடனேயே போருக்குச் செல்லவேண்டும் என்பதே மறுமொழியின் சாரம். 1915இன் வறிய தொழில்நுட்பத்தைக் காரணங்காட்ட இங்கு இடமில்லை. உலகின் மிகச் செல்வம் பொருந்திய படையின் நிலை இது.

எனவே, காப்புச் சாதனத் தட்டுப்பாட்டைப் பொருள்வழங்கலின் தவறாக மாத்திரம் வரலாற்றாய்வாளர் நோக்குதல் போதாது. எது முதலில் உற்பத்தியாயிற்று, எது பின்தள்ளப்பட்டது, யார் காத்திருக்க விடப்பட்டனர் என்னும் வரிசையையே நாம் ஆராய வேண்டும். நினைவுத்தூண்களில் எழுதப்படாத அம்மதிப்பீடு பண்டசாலைக் கணக்குகளில் எழுதப்பட்டிருக்கின்றது.