மரக்கூழ் வேதியியல்

மரத்தில் செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பிசின்போன்ற பொருளைக் கரைத்து நீக்குவதே வேதிமுறைக் காகிதக்கூழ் ஆக்கத்தின் அடிப்படையாகும். 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் கரூர் மாவட்ட ஆலை, முதன்மையாகக் கரும்புச் சக்கையைச் சார்ந்து எழுந்ததாயினும், சவுக்கு, தைல மரங்களையும் கூழாக்குகிறது. கிராஃப்ட் என்னும் வேதிமுறையில், சில்லுகளாக நறுக்கிய மரம் எரிசோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீர்மத்தில் ஏறத்தாழ 160 முதல் 170 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகும்போது, ஹைட்ரோசல்பைடு அயனிகள் லிக்னினின் ஈதர்ப் பிணைப்புகளை உடைக்கின்றன. செல்லுலோஸும் சிறிது சிதைவதால், முழு லிக்னினையும் வேகவைத்தே நீக்க முயல்வதில்லை, எஞ்சியது வெளுப்பில் நீங்கும். கழிவான கருநீர்மத்தைச் சுண்டவைத்து எரித்து, நீராவியையும் சோடா உப்புகளையும் மீட்பதே இம்முறையின் பொருளாதார உயிர்நாடி. கூழைக் காகிதமாக்கும்போது சேர்க்கும் வெண்களிமண், காகிதத்தில் இழைகளின் இடைவெளிகளை நிரப்பி ஒளிபுகாமையைக் கூட்டுகிறது; இன்று பல ஆலைகளில் அவ்விடத்தைக் கால்சியம் கார்பனேட் பிடித்துவிட்டது.