எண்ணெய்த் தொட்டியும் இரும்புக் குழாயும்

நெகிரி செம்பிலான் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவன ரப்பர்த் தோட்டங்களே. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891-ஆம் ஆண்டில் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அவ்வட்டாரத்தில் பெருகிய தோட்டங்களில் நம்மவர் பால்மரம் சீவினர். அதே கடற்கரையில் 1960-களின் தொடக்கத்தில் வேறொரு தொழில் கால்கொண்டது. எஸ்ஸோ, ஷெல் ஆகிய இரு நிறுவனங்களும் அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை எழுப்பின. ஷெல் ஆலை 1963-இல் இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில், 2012-இல் எஸ்ஸோ ஆலை பெட்ரோன் வசமும், 2016-இல் ஷெல் ஆலை ஹெங்யுவான் வசமும் சென்றன.

இத்தகைய ஆலைகளில் வெளியார் கண்ணுக்கு முதலில் தெரிவன பெருந்தொட்டிகள். அவற்றுக்கும் அவற்றோடு இணையும் குழாய்களுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் இழுபறியையும், அதனை அடக்க எழுந்த விதிகளின் வரலாற்றையும் இங்கு நோக்குவோம்.

பட்டா சொல்லும் பாடம்

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் கொல்லர், பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாகச் செய்வார். நெருப்பிலிட்டால் அது விரியும்; மாட்டியபின் நீர் ஊற்றினால் சுருங்கி மரத்தை இறுகப் பற்றும். அவ்வளவு வலிமை அச்சுருக்கத்துக்கு உண்டு.

குழாயின் நிலையும் அஃதே. 100 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளும். இரு முனைகளையும் அசையாமல் கட்டிவிட்டால், சாதாரண எஃகு தன் தாங்கும் எல்லையையே நெருங்கிவிடும். தண்டவாளத்தில் இடைவெளி விடலாம். எண்ணெய் ஓடும் குழாயில் விட இயலுமா? ஆகவே, குழாயை வளைத்து, அவ்வளைவே நெகிழ்ந்துகொடுக்குமாறு அமைக்கின்றனர்.

தொட்டியும் அசையாப் பொருளன்று. எண்ணெய் நிறைந்ததும் அதன் சுவர் வெளிநோக்கிப் புடைக்கும். அடித்தட்டோடு பிணைந்திருப்பதால் கீழ்விளிம்பு மட்டும் அவ்வாறு நகர இயலாது. எனவே அடிப்பகுதியிலுள்ள குழாய்வாய், அதாவது நாசில், வெளியே நகர்வதோடு சற்றுக் கீழ்நோக்கியும் சாயும். தொட்டி மண்ணில் அமிழ்ந்தால் சுமை இன்னும் கூடும். மெல்லிய சுவரிலுள்ள அந்த ஓரிடமே இவை அனைத்தையும் ஏற்க வேண்டும்.

விதிகள் பிறந்த வரலாறு

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் பற்றவைத்த தொட்டிகளுக்கான 12சி என்னும் விதிநூலை 1936-இல் வெளியிட்டது. அதன் இடத்தில் 1961-இல் 650 என்னும் நூல் வந்தது. குழாய்களுக்கான பி31 நெறி 1935-இல் தோன்றிற்று. மார்க்கல் என்னும் பொறியாளர் குழாய்களை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்துக் கண்ட முடிவுகள் 1955-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றன. ஒருமுறை தாங்கும் குழாய் 7,000 முறையும் தாங்குமா என்பதே அவர்தம் ஆய்வின் வழி எழுந்த கேள்வி. நாளொன்றுக்கு ஒருமுறை சூடேறி ஆறினால், 7,000 முறை என்பது ஏறத்தாழ 19 ஆண்டு! சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களுக்கெனத் தனி நெறி 1959-இல் வந்தது. போர்ட்டிக்சன் ஆலைகள் எழுந்த காலமும் இந்நெறிகள் முதிர்ந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. 120 அடிக்கு மேற்பட்ட விட்டமுள்ள தொட்டிகளின் குழாய்வாய் எவ்வளவு சுமை தாங்கலாம் எனக் கணிக்கும் பின்னிணைப்பு, 650-ஆம் நூலில் பின்னரே சேர்ந்தது.

விதியை மறந்ததன் விலை

இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ ஆலையில் 1974-இல் பழுதுற்ற கலம் ஒன்றை அகற்றி, அதன் இருபுறத்துக் கலங்களையும் தற்காலிகக் குழாயால் இணைத்தனர். இரு முனைகளிலும் சுருங்கி விரியும் துருத்தி இணைப்புகள் இருந்தன. குழாயின் வரைபடம் பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் இடப்பட்டது ஒன்றே. விதிநூலை எவரும் புரட்டவில்லை. ஜூன் 1-ஆம் நாள் குழாய் முறிந்தது. கசிந்த ஆவி வெடித்தது. 28 பேர் மாண்டனர்.

துருத்தி வைத்தால் போதும் என்று எண்ணியதே பிழை. விரிவுக்கு இடங்கொடுக்கும் துருத்தி, உள்ளழுத்தத்தால் தள்ளவும் செய்யும். அத்தள்ளலைத் தாங்க முட்டு வேண்டும்.

இச்செய்தி பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. பொருந்தாத குழாய் முனையைச் சங்கிலிக் கப்பியால் இழுத்துப் பூட்டும் தொழிலாளி, சூடேறும் முன்பே குழாய்வாயின்மீது சுமை ஏற்றிவிடுகிறார். ஏன் இழுக்கலாகாது என்பதை அவர் தம் மொழியில் கேட்டிருத்தல் வேண்டும். பொருள்கள் வெப்பத்தால் விரியும் என்னும் பாடம் பள்ளியில் வரும்போது, தமிழாசிரியர்கள் வண்டிப் பட்டாவோடு நில்லாது, கடற்கரைத் தொட்டிகளையும் சுட்டிக்காட்டுவாராக. தொழிற்கூடங்களுக்குச் செல்லவிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அஃது உயிர் காக்கும் கல்வியாகும்.