கான்டினென்டல் ஜிடி: பழம்பாணி ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிளின் தோற்றமும் வசதியும் செயல்திறனும்

கான்டினென்டல் ஜிடி என்பது ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1964இல் இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள் ஆகும். இதே பெயரில் 2013 முதல் சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் புதிய வண்டிகள் தயாராகின்றன. தாழ்ந்த ஹேண்டில்பார், நீண்ட பெட்ரோல் டேங்க், பின்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், கூம்பு போல முடியும் ஒற்றை இருக்கை ஆகியவை இதன் அடையாளங்கள். இவ்வகை வண்டிகள் 'காஃபே ரேசர்' என்று அழைக்கப்படுகின்றன.

இந்த வண்டியின் தோற்றத்தைக் குறை சொல்பவர்கள் குறைவு. ஆனால் அதை ஓட்டியவர்களிடையே மணிக்கட்டு, தோள், முதுகு பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. அழகுக்காக வசதியை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், அந்த இழப்புக்கு ஈடாக வேகம் கிடைக்கிறதா என்ற கேள்வி இவ்வண்டியின் வரலாறு முழுவதும் தொடர்கிறது. 250, 535, 650 சி.சி. என மூன்று முறை உருவான கான்டினென்டல் ஜிடி அக்கேள்விக்கு மூன்று விடைகளைத் தந்துள்ளது.

காஃபே ரேசர் தோன்றிய விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில், நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடைகளில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களுடன் கூடினர். லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் 1938இல் தொடங்கிய ஏஸ் காஃபே இவற்றுள் புகழ்பெற்றது. மணிக்கு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கி.மீ. வேகத்தைத் தொடுவது அவர்களது கனவு. அன்றைய சாதாரண வண்டிகளால் அது எளிதில் முடியாது. எனவே அவர்கள் தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்தனர். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினர். உடலைக் குனிந்து வைக்க வசதியாக ஃபுட்ரெஸ்டைப் பின்னால் நகர்த்தினர். காஃபே ரேசரின் உருவம் ஓவியப் பலகையில் பிறந்ததன்று. வேகத்துக்காகச் செய்த மாற்றங்களின் மொத்த விளைவே அந்த உருவம்.

இந்த வண்டிகளுக்கு இளைஞர்கள் மிகவும் விரும்பிய ஃபிரேம் நார்டன் நிறுவனத்துடையது. வட அயர்லாந்தைச் சேர்ந்த மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்த அந்தப் பந்தய ஃபிரேம் 1950இல் களம் கண்டது. அதை ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹரோல்ட் டேனியல், இறகு மெத்தையில் அமர்ந்து போவது போல் இருப்பதாகச் சொன்னார். 'ஃபெதர்பெட்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நார்டன் ஃபிரேமில் டிரையம்ப் எஞ்சினைப் பொருத்திய 'டிரைட்டன்' வண்டிகள் காஃபே ரேசர்களின் முன்மாதிரியாயின. அக்காலத்தின் மிகச் சிறந்த பந்தய ஃபிரேம், அது தரும் சொகுசுக்காகவே பெயர் பெற்றது என்பது கவனிக்கத்தக்கது. மேடுபள்ளத்தில் துள்ளாத வண்டியின் சக்கரம் சாலையை விட்டு எழுவதில்லை. சாலையை விட்டு எழாத சக்கரமே வளைவில் வேகத்தைத் தாங்கும். ஆகவே வசதியும் செயல்திறனும் இயல்பிலேயே ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

1961 முதல் இங்கிலாந்தில் கற்றுக்கொள்வோர் உரிமம் பெற்றவர்கள் 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட முடியாது என்ற விதி வந்தது. அந்த இளைஞர்களைக் குறிவைத்து ராயல் என்ஃபீல்டு 1964இல் கான்டினென்டல் ஜிடி 250ஐ வெளியிட்டது. இளைஞர்கள் தாங்களே செய்துகொண்ட மாற்றங்கள் அனைத்தும் இதில் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. ஐந்து கியர்களும் 21 குதிரைத்திறனும் கொண்ட இவ்வண்டியில், ஸ்காட்லாந்தின் வடமுனையிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனை வரை 24 மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டினர். தோற்றத்துக்கு ஏற்ற வேகம் அதில் இருந்தது. ஆனால் ரெட்டிச் நகரிலிருந்த தாய்த் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது.

குனிந்த அமர்வின் கணக்கு

வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல எஞ்சின் தர வேண்டிய திறன் எட்டு மடங்காகும். எனவே மணிக்கு 140, 150 கி.மீ. வேகத்தில் செல்பவர் குனிந்தால் எஞ்சினின் சுமை வெகுவாகக் குறைகிறது. அந்த வேகத்தில் வீசும் காற்று ஓட்டுநரின் மார்பைத் தாங்கிப் பிடிப்பதால், மணிக்கட்டில் இறங்கும் எடையும் குறைகிறது.

நகரச் சாலையில் 30, 40 கி.மீ. வேகத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. காற்றின் எதிர்ப்பு அற்பமானது. குனிவதால் மிச்சமாவது ஏதுமில்லை. மார்பைத் தாங்கக் காற்றும் இல்லாததால் மேலுடலின் எடை உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. அதே கையால்தான் கிளட்சையும் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்கும். முன்னால் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். ஒரே அமர்வு ஓரிடத்தில் பயனாகவும் மற்றோரிடத்தில் வெறும் விலையாகவும் ஆவது இப்படித்தான்.

திருவொற்றியூரும் புல்லட்டும்

1950களின் தொடக்கத்தில் இந்திய அரசு எல்லைக் காவலுக்காக 800 புல்லட் 350 வண்டிகளுக்கு ஆணை கொடுத்தது. இதைத் தொடர்ந்து 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை திருவொற்றியூர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. தாய்நாட்டில் உற்பத்தி நின்ற பிறகும் இங்கு நிற்கவில்லை. 1977 முதல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

புல்லட்டின் சிறப்பு அதன் நிமிர்ந்த அமர்வும் பின்சக்கர சஸ்பென்ஷனும் ஆகும். பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் கொண்ட புல்லட்டின் முன்மாதிரிகள் 1948இல் இத்தாலியில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் கலந்துகொண்டன. அவற்றை ஓட்டிய இருவரும் தங்கப் பதக்கம் பெற்றனர். கரடுமுரடான பாதையில் ஓட்டுநரைக் களைப்படைய விடாத அமைப்பே வெற்றிக்கும் உதவியது. இந்திய ராணுவமும் காவல் துறையும் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த உறுதி ஏற்ற காரணமாக இருந்தது.

தோற்றத்தைத் திருவொற்றியூர் அலட்சியம் செய்துவிடவில்லை. புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகளைக் கைத்திறன் மிக்க தொழிலாளர்கள் தூரிகையால் வரைந்தனர். ஆனால் அந்த அழகு ஓட்டுநரின் முதுகிடம் எதையும் கேட்கவில்லை.

சோழவரம் பந்தயங்கள்

குனிந்து ஓட்டுவதற்கான இடமும் இதே மாவட்டத்தில் இருந்தது. செங்குன்றத்துக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று உள்ளது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கு கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. நாடெங்கிலுமிருந்து ஓட்டுநர்கள் வந்தனர். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் இங்கு புகழ்பெற்றவர்களுள் ஒருவர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை திறக்கப்பட்டதும் சோழவரத்தின் காலம் முடிந்தது.

விமான ஓடுதளத்தின் நீண்ட நேர்ப்பாதையில் பெட்ரோல் டேங்க்மீது படுத்து ஓட்டுவதற்குப் பொருள் உண்டு. பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி பொறுக்கக்கூடியது, பரிசு நேரடியானது. அதே சோழவரத்தைக் கடந்துதான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் வண்டி ஓட்டுகின்றனர். லாரிகளுக்கு நடுவே, ஷிப்ட் முடிந்த களைப்புடன், பல கிலோமீட்டர் செல்லும் அவர்களுக்கு வேண்டியது வேறு வகை அமர்வு. ஓடுதளமும் சாலையும் அருகருகே இருந்தாலும் இரண்டின் தேவை ஒன்றல்ல.

2013: கான்டினென்டல் ஜிடி 535

என்ஃபீல்டு இந்தியா 1994இல் ஐஷர் குழுமத்துடன் இணைந்து, பின்னர் ராயல் என்ஃபீல்டு என்ற பழைய பெயரைப் பெற்றது. 2013இல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கான்டினென்டல் ஜிடி 535 லண்டன் ஏஸ் காஃபேயில் வெளியிடப்பட்டது. நவம்பரில் கோவாவில் இந்திய வெளியீடு நடந்தது.

சிவப்பு டேங்கும் ஒற்றை இருக்கையும் 1960களை அப்படியே நினைவூட்டின. வெறும் ஒப்பனையாக மட்டும் இது அமையவில்லை. ஃபிரேமை இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் உருவாக்கியது. பிரெம்போ பிரேக், பயோலி ஷாக் அப்சார்பர், பிரெல்லி டயர் ஆகியவை பொருத்தப்பட்டன. வளைவுகளில் இந்த வண்டி நிலையாகத் திரும்பியதை ஓட்டிப் பார்த்தவர்கள் பாராட்டினர்.

குறை எஞ்சினில் இருந்தது. 535 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ 29 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் எடை 184 கிலோ. 100 மைல் வேகம் அதற்கு எட்டாதது. அதிக வேகத்தில் அதிர்வும் கூடியது. குனிந்த அமர்வு பயன் தரத் தொடங்கும் வேகத்தில் எஞ்சின் திணறியது. எஞ்சின் இயல்பாக ஓடும் வேகத்தில் குனிந்த அமர்வுக்கு வேலை இல்லை. உருவம் 1964இலிருந்து வந்திருந்தாலும் அந்த உருவத்தை உண்டாக்கிய காரணம் உடன் வரவில்லை.

2018: 650 சி.சி. இரட்டையர்

2017 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் இரண்டு புதிய வண்டிகள் காட்டப்பட்டன: கான்டினென்டல் ஜிடி 650, இன்டர்செப்டர் 650. 2018 நவம்பரில் இவை இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. 648 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சின் சுமார் 47 குதிரைத்திறனும் 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. ஆறு கியர்கள் இருந்தன. 100 மைல் வேகத்தைத் தாண்ட முடிந்தது. முறுக்குவிசையின் பெரும்பகுதி குறைந்த சுழற்சியிலேயே கிடைத்ததால், நெரிசலில் அடிக்கடி கியர் மாற்றும் தொல்லையும் குறைந்தது.

மற்றொரு மாற்றம் கண்ணுக்கு எளிதில் படாதது. ஜிடி 650இன் ஹேண்டில்பார் 535இல் இருந்ததைவிட மிதமான உயரத்தில் அமைந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதே காஃபே ரேசர். ஓட்டுபவருக்குச் சற்று நிமிர்ந்த முதுகு.

இன்டர்செப்டருக்கும் ஜிடிக்கும் எஞ்சின் ஒன்றே, அடிப்படை ஃபிரேமும் ஒன்றே. முக்கிய வேறுபாடுகள் ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், டேங்க், இருக்கை ஆகியவற்றில்தான். ஆகவே வாங்குபவர் முன் வைக்கப்பட்ட தேர்வு, ஏறத்தாழ அமர்வையும் தோற்றத்தையும் மட்டுமே பற்றியது. அறிமுக விலையில் இன்டர்செப்டர் 2.50 லட்சம் ரூபாய், ஜிடி 2.65 லட்சம் ரூபாய். நிமிர்ந்து அமரும் இன்டர்செப்டரே அதிகம் விற்றது. 15,000 ரூபாய் விலை வேறுபாடு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

பிற நாட்டு அனுபவம்

இதே சிக்கலை இத்தாலியின் டுகாட்டியும் சந்தித்தது. 1970களின் பந்தய வண்டிகளை நினைவூட்டும் ஸ்போர்ட் கிளாசிக் வரிசையை அது 2000களின் நடுவில் வெளியிட்டது. 1972 இமோலா பந்தயத்தில் வென்ற பால் ஸ்மார்ட் பெயரிலும் ஒரு வண்டி வந்தது. அவை அழகுக்காகப் புகழப்பட்டன, கடுமையான அமர்வுக்காகக் குறை கூறப்பட்டன. அதே வரிசையில் நிமிர்ந்து ஓட்டும் ஜிடி 1000 பின்னர் சேர்க்கப்பட்டது. 2010 அளவில் வரிசை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு சேகரிப்பாளர்களிடையே அவ்வண்டிகளின் மதிப்பு உயர்ந்தது. நிறுத்தி வைத்துப் பார்ப்பவருக்கும் நாள்தோறும் ஓட்டுபவருக்கும் அளவுகோல் வேறு என்பதை இது காட்டுகிறது.

மதிப்பீடு

பழம்பாணி ஸ்போர்ட்ஸ் வண்டிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் 'அழகா, வசதியா' என்ற எதிர்நிலையில் நடக்கிறது. கான்டினென்டல் ஜிடியின் வரலாறு அதைச் சற்று மாற்றிப் பார்க்கச் சொல்கிறது. ஃபெதர்பெட் ஃபிரேமிலும் புல்லட்டின் சஸ்பென்ஷனிலும் வசதியும் செயல்திறனும் கைகோத்தே வந்தன. காஃபே ரேசரில் வேகத்துக்காக வசதி விட்டுக்கொடுக்கப்பட்டது, வேகம் கிடைத்தது. 535இல் வசதி போனது, அதற்கு ஈடான வேகம் வரவில்லை. 650இல் வேகம் வந்தது, வசதியும் ஓரளவு திரும்பியது, தோற்றம் பெரிதாகக் குறையவில்லை.

இவ்வகை வண்டியை வாங்குவோரில் பலர் இளைஞர்கள். பல ஆண்டுத் தவணையில் வாங்கும் ஒரே வண்டியாகவும் அது இருக்கலாம். ஷோரூமில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்ப்பது இங்கு போதாது. தினமும் போகும் சாலையில், போகும் நேரத்தில், அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்தால்தான் மணிக்கட்டின் கருத்தும் தெரியவரும்.

2021இல் ராயல் என்ஃபீல்டு ஜிடி 650ஐ வைத்து 'கான்டினென்டல் ஜிடி கப்' என்ற பந்தயத் தொடரைத் தொடங்கியது. சோழவரத்தில் ஓடிய கரிவரதனின் பெயரைத் தாங்கும் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அது நடந்தது. அந்தப் பந்தய வண்டிகளில் ஹேண்டில்பார் மீண்டும் தாழ்த்தப்பட்டது, ஃபுட்ரெஸ்ட் மீண்டும் பின்னால் தள்ளப்பட்டது. சாலையில் விற்கும் ஜிடியில் மிதமான அமர்வே தொடர்ந்தது.