தமிழ்நாட்டில் சிறுதானியப் புரதம்

கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகிய தானியங்கள் தமிழக மக்களுக்கு அளித்துவந்த புரதமும் காலந்தோறும் அதில் நேர்ந்த ஏற்றத்தாழ்வும் இக்கட்டுரையின் பொருள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை புன்செய் மாவட்டங்களில் அன்றாடச் சோறு, களி, கூழ் எல்லாம் இவற்றால் ஆனவையே. நெல்லரிசி பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் உரியதாக இருந்தது.

2017-இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 11 கிராம் புரதம் உண்டு. சோளத்திலும் சாமையிலும் 10, வரகில் 9, தீட்டிய அரிசியில் 8, கேழ்வரகில் 7. சிறுதானியம் என்றாலே புரதம் மிகுதி என்ற பேச்சு ஆகவே முழுவதும் சரியன்று. கேழ்வரகின் பெருமை சுண்ணாம்புச்சத்தில் இருக்கிறது. ஆனால் உண்ணும் அளவு கூடும்போது சிறு வேறுபாடும் பெரிதாகிவிடும். நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் உண்ணும் உழைப்பாளிக்குக் கம்பு 44 கிராம் புரதம் தரும், அரிசி 32 கிராம்தான் தரும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளுக்கு 54 கிராம் தேவை என்பது 2020-ஆம் ஆண்டின் பரிந்துரை.

தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பும் பயறும் அக்குறையை நிரப்பும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் சில சால்களுக்கு ஒரு சால் அவரை, துவரை, மொச்சை என விதைப்பது பழைய வழக்கம். கேழ்வரகு அறுவடையாகிக் களத்துக்கு வந்தபின்னும் துவரை காட்டில் நிற்கும். பனி ஈரத்தில் அவரை காய்த்துக்கொண்டிருக்கும். ஒரே நிலத்தில் களியும் அதற்குரிய குழம்பும் விளைந்தன. இந்தக் கூட்டுச் சாகுபடியை விட்டுவிட்டுச் சிறுதானியப் புரதத்தை மட்டும் தனியே கணக்கிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இத்தானியங்களுள் சாமையும் வரகும் இந்திய மண்ணிலேயே பயிர்நிலை பெற்றவை. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலும், சோளம் வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும், கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலும் தோன்றிப் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே துணைக்கண்டத்துக்கு வந்தன. குறிஞ்சிக்குத் தினையும் முல்லைக்கு வரகும் உணவு எனச் சங்க இலக்கியம் காட்டுகிறது.

புரதத்தை அளவாகக் கொண்டு அரசுடன் வாதாடிய ஒரு நிகழ்வு 1876–78 பெரும் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் நடந்தது. நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியத்துக்கான கூலி போதும் எனப் பஞ்சப் பணிக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். வேலை செய்யும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதன்மேல் காய்கறியும் பருப்பும் வேண்டும் என்றார். 1877-இல் அளவு ஒன்றேகால் பவுண்டாக உயர்ந்தது, பருப்பும் சேர்ந்தது. அதற்குள் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்திருந்தனர். ஒரு கைப்பிடிப் பருப்புக்கு இவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது இன்றும் மனத்தைச் சுடும் செய்தி.

அடுத்த கட்டம் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நிறுவிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்தக் கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. சோளத்தையே முதன்மையாக உண்ட தக்காண ஏழைகளிடம் பெல்லாக்ரா நோய் காணப்பட்டதற்கும் சோளப் புரதத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எழுதினர். புரதத்தின் அளவோடு அதன் தன்மையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது முக்கியமான சான்று. மறுபுறம், கோயம்புத்தூரில் 1923-இல் தொடங்கிய சிறுதானிய ஆய்வு நிலையம் புதிய ரகங்களை உருவாக்கியது.

சரிவு 1960-களுக்குப்பின் விரைந்தது. குட்டை நெல் ரகங்களும் கிணற்றுப் பாசனமும் நெல்லைப் பெருக்கின. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சி மாற்றத்துக்கு ஒரு காரணமாயிற்று. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியைப் போக்கிய இந்த ஏற்பாட்டைக் குறைகூற இடமில்லை. ஆயினும் வீட்டுக்கு வீடு அரிசி வந்தபின் சாமை குத்த யார் மெனக்கெடுவார்கள்? வரகின் உமி அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். திருகையில் அரைத்து, புடைத்து, மீண்டும் உரலில் குத்தினால்தான் அரிசி தேறும். அந்த வேலை முழுவதும் பெண்கள் தோளில் இருந்தது. கொல்லிமலை போன்ற இடங்களில் உமி நீக்கும் இயந்திரம் வந்தபிறகே சாமைக்கு மீண்டும் கொஞ்சம் ஆதரவு கூடியது.

இந்திய அளவில் சாமை, வரகு முதலிய சிறுவகைகளின் பரப்பு 1950-களில் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்து, இன்று அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. புள்ளிவிவரத்தில் இவையெல்லாம் ஒரே தொகுப்பாகவே பதிவாகின்றன. எந்தத் தானியம் எப்போது மறைந்தது என்பது அதில் தெரியாது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1961 முதல் தரும் உணவுச் சமநிலைக் கணக்கும் விளைச்சல், இறக்குமதி, இருப்பு இவற்றைக் கூட்டி, ஏற்றுமதி, விதை, தீவனம், சேதம் கழித்து மக்கள்தொகையால் வகுப்பதுதான். அது கிடைக்கும் அளவைச் சொல்லும், தட்டில் விழுந்ததைச் சொல்லாது.

சோளக் காடுகள் பலவற்றில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. பெரம்பலூர் மக்காச்சோளம் கோழித் தீவனமாகிறது. நாமக்கல் முட்டையாகிச் சத்துணவுக் கூடத்துக்கு வருகிறது. புன்செய்ப் புரதத்தின் ஒரு பகுதி இவ்வாறு வழிமாறியிருக்கிறது. முட்டை தரமான புரதம். ஆனால் அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். கூழைப்போல் சொந்தக் காட்டிலிருந்து வருவதன்று.

2018-இல் மத்திய அரசு இத்தானியங்களைச் சத்துத் தானியங்கள் என அறிவித்தது. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு. அவ்வாண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை உண்டு. சாமைக்கும் வரகுக்கும் இல்லை. அரிசிக்குப் பதில் கேழ்வரகு வழங்குவதால் சுண்ணாம்புச்சத்து கூடும், புரதம் கூடாது. புரதம் கூட வேண்டுமானால் கேழ்வரகுக் கொல்லையில் அவரையும் துவரையும் மீண்டும் சால்விட்டு விதைக்க உழவருக்கு விதையும் விலையும் தரவேண்டும்; அரசு அவற்றையும் சேர்த்தே கொள்முதல் செய்ய வேண்டும்.