கடைசியில் வருபவரின் கணக்கு

ஓட்டப்பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்றே. சுண்ணாம்புக் கோடு இட்ட பாதை. கட்டிய நாடாவை மார்பால் அறுத்துக்கொண்டு பாயும் ஒருவர். அவருக்காக எழும் ஆரவாரம். இரண்டாமவரின் பெயர் மறுநாளே மறந்துபோகிறது. கடைசியில் வந்தவரைப்பற்றி எவரும் கேட்பதில்லை. கொரிந்து நகரத்தாருக்கு எழுதியபோது புனித பவுல் உவமையாக எடுத்தாண்டதும் இவ்வகைப் பந்தயத்தையே. பரிசு ஒருவருக்கே என்பது அன்றைய கிரேக்க அரங்கின் நியதி.

ஆனால் உலகில் வேறொரு பந்தயமும் உண்டு. அதற்குப் போட்டுவைத்த பாதை இல்லை. உழுத வயலும், சேறும், ஓடையும், குன்றும், வேலியுமே அதன் களம். அதற்குரிய பருவமோ கடுங்குளிர்காலம். அதில் முதலில் வருபவரால் மட்டும் அணி வெல்வதில்லை. பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருக்கும் தோழரின் இடமும் கணக்கில் சேர்ந்தாக வேண்டும். ‘கிராஸ் கன்ட்ரி’ என்று நம் பள்ளிகளிலும் வழங்கும் ஓட்டத்தையே குறிப்பிடுகின்றேன். அதன் வரலாறு, யாரை எண்ணிக்கையில் சேர்ப்பது என்னும் கேள்வியின் வரலாறும் ஆகும்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்வோர்க்கு இந்தக் கதை தொலைவானதாகத் தோன்றலாம். நமக்கு மார்கழிப் பனியே குளிர். ஏரி நீர் உறைந்து கல்லாவதை நாம் கண்டதில்லை. எனினும் தோணியையும் அது வந்து சேரும் ரேவையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் தோணிரேவு போன்ற ஊராருக்கு இக்கதையில் ஓர் உறவு உண்டு. இந்த ஓட்டத்திற்கென முதன்முதலில் ஒரு சங்கம் அமைத்தவர்கள் துடுப்பு வலித்தவர்களே.

இதன் தொடக்கம் இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களில். ஷ்ரூஸ்பரி பள்ளியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மாணவர்கள் ‘முயலும் வேட்டைநாயும்’ என்னும் விளையாட்டை ஆடிவந்தனர். முயலாக நடிக்கும் ஓரிருவர் காகிதத் துணுக்குகளைச் சிதறவிட்டு முன்னே ஓடுவர். மற்றவர் அந்தத் தடத்தைப் பின்பற்றி வேட்டைநாய்க் கூட்டம்போலத் துரத்துவர். ரக்பி பள்ளியிலும் இவ்விளையாட்டு வேரூன்றியது. அப்பள்ளியில் பயின்ற தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ என்னும் நாவலில் இத்தகைய ஓட்டம் ஒன்று இடம்பெறுகிறது. டாமும் அவன் தோழர் இருவரும் பெரிய மாணவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிடுகின்றனர். இருட்டு சூழ்கிறது, வழி தவறுகிறது, உடலெல்லாம் சேறு. ஆயினும் மூவரும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிவதில்லை. வழியில் வந்த வண்டி ஒன்று அவர்களை ஊர் சேர்க்கிறது. காலந்தாழ்ந்து வந்த சிறுவர்களைத் தலைமையாசிரியர் தண்டிக்கவில்லை. அடிபட்டதா என்று விசாரித்து, உடை மாற்றித் தேநீர் அருந்துமாறு அனுப்பிவைக்கிறார். நாவலில் அந்த ஓட்டத்தில் முந்தி வந்தவரை வாசகர் மறந்துவிடுவர். பின்தங்கிய மூவரே நினைவில் நிற்கின்றனர்.

பள்ளி விளையாட்டு பெரியோரின் பந்தயமாக மாறியது 1867 டிசம்பரில். இலண்டன் தேம்ஸ் ஆற்றில் படகோட்டும் சங்கத்தினர் குளிர்காலத்தில் உடலுறுதி குன்றாதிருக்க வழி தேடினர். விம்பிள்டன் பொதுவெளியில் ஓர் ஓட்டத்தை நடத்திப் பார்த்தனர். மறு ஆண்டு, 1868இல், ‘தேம்ஸ் ஹேர் அண்டு ஹவுண்ட்ஸ்’ என்னும் சங்கம் உருவாயிற்று. உலகின் முதல் கிராஸ் கன்ட்ரி சங்கம் இதுவே. கோடை, ஆற்றுக்கும் கிரிக்கெட்டுக்கும் உரியது. குளிர்காலத்திலோ பொழுது போக்க வயல்வெளியே எஞ்சியது. இவ்வாறே உறைபனிக் காலம் இந்த ஓட்டத்தின் பருவம் ஆயிற்று.

இச்சங்கங்கள் பந்தயத்திற்கு மட்டுமன்றிப் பயிற்சிக்கும் கூட்டமாகவே ஓடின. வேகமானோர் ஒரு கூட்டம், மெதுவானோர் ஒரு கூட்டம் எனப் பிரிவர். ஒவ்வொரு கூட்டத்திற்கும் முன்னே வேகத்தை வகுப்பவர் ஒருவர். பின்னே, தளர்ந்தவரைத் தேற்றிச் சேர்த்து அழைத்து வருபவர் ஒருவர். பின்னே வருபவருக்கு ‘விப்’ என்று பெயர். வேட்டைநாய்களைச் சிதறாமல் காக்கும் பணியாளின் பெயர் அது. நம் சட்டமன்றத்தில் ‘கொறடா’ எனப்படும் பதவியின் பெயரும் அதே வேட்டைச் சொல்லிலிருந்து வந்ததுதான். நன்றாக ஓடக்கூடிய ஒருவரே இப்பணியை ஏற்க முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முந்தக்கூடியவர், முந்தாமல் பின்னே நிற்கிறார்.

இது வெறும் நாகரிகம் அன்று. குளிர் கற்பித்த பாடம். ஓடும் உடல் தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெப்பமாகவே வெளியிடுகிறது. ஆகவே நீர் உறையும் குளிரிலும் மெல்லிய சட்டையுடன் ஓட முடிகிறது. கால் தளரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. வியர்வையிலும் ஓடை நீரிலும் நனைந்த துணி உடலோடு ஒட்டிக்கொள்கிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டிய உள்ளுடல் வெப்பம் 35க்குக் கீழே இறங்கினால் நடுக்கம் மிகும், நா குழறும், அறிவு மங்கும். தன் நிலை தனக்கே தெரியாமற் போவதுதான் இதில் பெரிய கேடு. அதனை அறிந்து சொல்ல அருகில் ஒரு தோழர் வேண்டும். இரவெல்லாம் வலை போட்டுவிட்டு விடியற்காற்றில் ஈரத் துணியோடு திரும்பும் மீனவர் இதனை ஓரளவு அறிவார். துடுப்பு வலிக்கும்வரை குளிர் தெரிவதில்லை. துடுப்பைக் கீழே வைத்ததும் பற்கள் தந்தியடிக்கத் தொடங்குகின்றன.

இங்கிலாந்தின் முதல் தேசியப் போட்டி 1876இல் எப்பிங் காட்டில் நடந்தது. ஓடிய 32 பேரும் தடம் தவறிப்போனதால் அப்போட்டி செல்லாது என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நடந்த போட்டியே முதல் போட்டியாகக் கொள்ளப்படுகிறது. அணிகளின் வெற்றியைக் கணக்கிட ஓர் எளிய முறை நிலைபெற்றது. முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, இருபதாவதாக வந்தவருக்கு 20 புள்ளி. ஓர் அணியில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரின் புள்ளிகளைக் கூட்டுவர். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணி வென்றது. 1903 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பூங்காவில் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகள் மோதிய முதல் பன்னாட்டுப் போட்டியில் ஓர் அணிக்கு அறுவர் கணக்கில் சேர்ந்தனர். தனி ஓட்டத்தில் இங்கிலாந்தின் ஆல்பிரட் ஷ்ரப் முதலில் வந்தார். ஆயினும் அவருடைய ஒரு புள்ளி மட்டும் அணிக்கு வெற்றி தராது. ஆறாமவர் எங்கே என்று திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

பிரான்சு 1907இல் சேர்ந்தது. அந்நாட்டின் ஜான் புவான் 1911 முதல் 1913 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றார். 1914 செப்டம்பரில் முதல் உலகப்போரின் களத்தில் அவர் உயிரிழந்தார். வயலில் தோளோடு தோள் உரசி ஓடியவர்கள் பலர் அகழிகளில் மடிந்தனர். 1915 முதல் 1919 வரை போட்டி நடைபெறவில்லை.

இந்த ஓட்டத்தின் உட்பொருளை உலகுக்குக் காட்டிய நாள் குளிர்நாள் அன்று, கொடிய வெயில்நாள். 1924 ஜூலை 12ஆம் நாள் பாரிசு ஒலிம்பிக்கில், கொலோம்பு என்னுமிடத்தில், 38 பேர் புறப்பட்டனர். பனிக்கால ஓட்டத்தைக் கடுங்கோடையில் வைத்ததன் விளைவு பரிதாபமாயிற்று. வீரர்கள் வழியெங்கும் மயங்கி விழுந்தனர்; 15 பேரே முடித்தனர். பின்லாந்தின் பாவோ நூர்மி ஒன்றும் நேராததுபோல முதலில் வந்தார். அவர் நாட்டவரான வில்லே ரிட்டோலா ஒரு நிமிடத்திற்கு மேல் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். அணிப் பதக்கத்திற்கோ மூவர் முடிக்க வேண்டும். மூன்றாமவரான ஹெய்க்கி லீமத்தைனன் முடிவுக் கோட்டிற்கு அருகில் வந்தபின் திசை தெரியாமல் தடுமாறி நின்றுவிட்டார். பிறகு ஒருவாறு தெளிந்து, நடந்தே கோட்டைக் கடந்தார். அவர் பெற்றது 12ஆம் இடம். அந்தப் பன்னிரண்டாம் இடம் இல்லையேல் நூர்மியின் முதலிடமும் அணித் தங்கத்தைத் தந்திராது. அன்றைய துயரத்தைக் கண்டபின் ஒலிம்பிக்கில் இப்போட்டி மீண்டும் இடம்பெறவில்லை.

1973இல் பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் உலகப் போட்டியாக இது புத்துருப் பெற்றது. ஆப்பிரிக்க மேட்டுநிலத்தார் எழுச்சி பெற்றனர். கென்யாவின் ஆடவர் அணி 1986 முதல் 2003 வரை 18 முறை இடைவிடாது வென்றது. ஆனால் அத்தகைய அணிக்கும் பனி ஒரு பாடம் கற்பித்தது. 2013 மார்ச்சில் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் களம் பனியால் மூடி உறைந்து கிடந்தது. கென்யாவின் 19 வயது ஜாபெட் கோரிர் முதலில் வந்தார். எனினும் நால்வரின் இடங்களைக் கூட்டியபோது எத்தியோப்பியா 38 புள்ளிகளுடன் முதலிடமும், அமெரிக்கா 52 புள்ளிகளுடன் இரண்டாமிடமும் பெற்றன. கென்யாவுக்கு 54. தலைசிறந்த வீரரைப் பெற்றிருந்தும் இரண்டே புள்ளியில் அந்த அணி மூன்றாம் இடத்திற்கு இறங்கியது. பனிச்சேற்றில் பின்னால் வந்தவர் ஒருவர் இன்னும் மூவரை முந்தியிருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

கணக்கில் நெடுங்காலம் சேர்க்கப்படாதவர்களும் உண்டு. 1903இல் தொடங்கிய பன்னாட்டுப் போட்டியில் பெண்களுக்கு அதிகாரபூர்வமான ஓட்டம் 1967இல்தான் வேல்ஸ் நாட்டின் பாரி நகரில் கிடைத்தது. அமெரிக்காவின் டோரிஸ் பிரவுன் அன்று தொடங்கி 1971 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றார். ஓடும் திறன் 1967இல் புதிதாகப் பிறந்துவிடவில்லை. எண்ணத்தான் ஆள் இல்லை.

நம் நாட்டிலும் உறைபனியில் ஓடியவர்கள் உண்டு. லடாக்கின் பாங்காங் ஏரி உப்புநீர் ஏரியாயினும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். 2023 பிப்ரவரி 20ஆம் நாள், 13,800 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், அந்தப் பனித்தளத்தின்மீது 75 பேர் லுகுங் முதல் மான் என்னும் சிற்றூர் வரை 21 கிலோமீட்டர் ஓடினர். ‘கடைசி ஓட்டம்’ என்று அதற்குப் பெயர் சூட்டினர். புவி வெப்பமடைந்து வருவதால் ஒருநாள் அவ்வேரி உறையாமலே போகலாம் என்னும் எச்சரிக்கை அப்பெயரில் அடங்கியுள்ளது. அங்கே பனி குறைகிறதே என்பது கவலை; இங்கே முகத்துவாரம் தூர்கிறதே, நீர் வற்றுகிறதே என்பது கவலை. உப்புநீர் ஏரியை நம்பி வாழ்வோரின் அச்சம் இருபுறமும் ஒன்றே.

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் பழைய ஏற்பாடு உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது அது. வலியவர் நல்ல இடத்தைத் தமதாக்கிக்கொள்ளாமல், அடுத்தவருக்கும் முறை வரச் செய்வது அதன் நோக்கம். வேகத்தைக் கொண்டு மட்டும் பங்கைத் தீர்மானிக்கலாகாது என்று நம் முன்னோரும் கண்டிருந்தனர் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த முறையில் பங்கில்லாதவர்களும் இதே ஏரிக்கரையில் வாழ்கின்றனர் என்பதை மறைத்தல் ஆகாது. ஒரு நல்ல கணக்கு, எல்லாரையும் எண்ணும்வரை முழுமை பெறுவதில்லை.

இன்று நம் பிள்ளைகளைத் தனித்தனியே ஓடவே பழக்குகின்றோம். மதிப்பெண் பட்டியலில் முதற்பெயரைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைக்கின்றோம். ஊரில் முதலில் பட்டம் பெற்ற ஒருவரைக் கொண்டாடும் நாம், அதே தெருவில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு வலை இழுக்கப் போன சிறுவனை எந்தக் கணக்கில் எழுதுகின்றோம்? நம் பங்குகளிலும், சங்கங்களிலும், குடும்பங்களிலும் முன்னே ஓடுவோர்க்குக் குறைவில்லை. பின்னே நின்று தளர்ந்தவரைச் சேர்த்து அழைத்துவரும் வலிமையுள்ள ஒருவரே தேவைப்படுகிறார். அப்பணிக்குப் பதக்கம் கிடைப்பதில்லை. ஆயினும் அந்தப் பணியைச் செய்ய ஆள் இருந்தால்தான் ஊர் முழுவதும் கரை சேரும்.